ஜன்னலில் பழனி மலை

கொடைக்கானலுக்குப் போவது என்று தீர்மானமான அன்றே நம் வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிட்டன. ஒன்று ஜன்னல் கட்சி. மற்றொன்று கடைத்தெருக் கட்சி. ஜன்னல் கட்சிக்குத் தலைவரும் தொண்டரும் நாமே. கடைத்தெருக் கட்சிக்குத் தலைமை வகித்தவர் நம் இல்லத்தரசி. மலைவாசஸ்தலத்தில் ஜாகை பிடிப்பதென்றால் காட்சி தெரியும் இடத்தில் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்னையிலேயே மின்விசிறியை வேகமாகச் சுழல விட்டுப் படுத்திருக்கலாமே என்பது நம் கட்சியின் கொள்கை. காட்சியை வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வெந்நீர், இட்லி, மருந்துக் கடை ஆகிய மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது எதிர்க்கட்சியின் கொள்கை.

இத்தகைய தகராறு குடும்பத்துடன் பிரயாணம் செய்கிற எல்லா வீடுகளிலும் உண்டு. பெரும்பாலும் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் தீர்ந்தும் போகும். இம்முறை தீராததற்குக் காரணம் நம் அத்தை.

அத்தைக்கு வயது 76. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் மாயவரத்துப் பக்கம். கல்யாணமான வருஷத்திலிருந்து ஆண்டுதோறும் பழனிக்குப் போய், அறுநூற்றுக்கு மேற்பட்ட படிகளையும் காலால் ஏறித் தண்டாயுதபாணியைத் தரிசித்து வந்தவர். ஆறு வருஷங்களாக முழங்கால் இடம் கொடுக்கவில்லை. பழனியில் 1966 முதல் இழுவை ரயில் ஓடுகிறதே, 2004 முதல் ரோப் கார் என்னும் கம்பிவட ஊர்தியும் இருக்கிறதே, அதில் போகலாமே என்று நாம் சொல்லாத நாள் இல்லை. "படியேறிப் பார்த்த சாமியைப் பெட்டியில் உட்கார்ந்து போய்ப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை, தம்பி" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

யாரோ ஒரு புண்ணியவதி அத்தையிடம், கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் பழனி மலை தெரியும் என்று சொல்லி வைத்தாள். அன்று முதல் அத்தைக்கு வேறு நினைவில்லை. "ஏற முடியாவிட்டால் போகிறது, தூரத்திலிருந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுகிறேனே!" என்றார். அது உண்மைதான். சாலை வழியாகப் போனால் கொடைக்கானலுக்கும் பழனிக்கும் 64 கிலோமீட்டர். பறவை பறக்கிற நேர்வழியிலோ 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரமே. ஏழாயிரம் அடிக்கு மேலே நின்றுகொண்டு வடக்கே குனிந்து பார்த்தால், வானம் தெளிந்த நாளில் பழனிக் குன்று சமவெளியில் தெரியும்.

ஆகவே இரண்டு ஹோட்டல்களை ஆராய்ந்தோம். ஒன்று ஊருக்கு வடக்கே, குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் அப்பால், மலைச் சரிவில் இருந்தது. "உங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் பழனி மலை" என்று டெலிபோனில் சத்தியம் செய்தார்கள். மற்றொன்று பஸ் நிலையத்துக்கு அருகில், கடைத்தெருவை ஒட்டி. அங்கே ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று கேட்டோம். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "காற்று வரும்" என்றார்கள். வாடகை முதல் ஹோட்டலில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"அத்தைக்கு இழுப்பு உண்டு. புரட்டாசி மாதத்துக் குளிர். ராத்திரியில் ஏதாவது என்றால் அந்த மலைச் சரிவில் யாரைக் கூப்பிடுவது?" என்றார் இல்லத்தரசி. நல்ல கேள்விதான். ஆனால் நம் பக்கத்தில் பழனி மலையே இருந்தது. அத்தையின் வோட்டு எந்தப் பக்கம் விழும் என்பதும் தெரிந்த விஷயம். ஜன்னல் கட்சி அமோகமாக வெற்றி பெற்றது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். நம் நாட்டு மலை ஊர்களில் மட்டும் நல்ல காட்சியும் நல்ல சௌகரியமும் ஏன் இப்படி ஒன்றோடொன்று பேசாத ஓரகத்திகளாக இருக்கின்றன? கொடைக்கானலின் பழைய கதையைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். 1821-இல் வார்டு என்னும் ராணுவ உத்தியோகஸ்தர் இம்மலையை அளந்து போனார். சமவெளியில் ஜுரத்துக்கும் வாந்திபேதிக்கும் அஞ்சிய அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரையிலிருந்து வந்து 1845-இல் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரையில் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863-இல் ஓடைக்கு அணையிட்டு ஏரியை உண்டாக்கினார். கோக்கர் என்பவர் 1872-இல் மலை விளிம்பை ஒட்டி உலாவும் பாதை போட்டார். பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். ஒரு கிலோமீட்டர் தூரம். இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

இவர்களெல்லாம் எப்படி மேலே ஏறினார்கள்? மோட்டார் ஏறும் மலைப் பாதை இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு முன்னே பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து துரைமார்களும் துரைசானிகளும் நாற்காலியில் உட்கார, நம்மவர்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். பெட்டி படுக்கை ஏறியதும் அப்படியே. மாவும் சர்க்கரையும் ஏறியதும் அப்படியே. வீடு எங்கே இருந்தால் என்ன? வெந்நீர் வேண்டுமென்றால் ஒருவன் கொண்டு வருவான். டாக்டர் வேண்டுமென்றால் ஒருவன் ஓடுவான். எனவே காட்சி உள்ள முகடுகளில் பங்களாக்கள் எழும்பின. சுமந்தவர்களும் சமைத்தவர்களும் கடை வைத்தவர்களும் காட்சி இல்லாத சரிவுகளில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். பஸ் நிலையத்திலிருந்து மூஞ்சிக்கல் வரை இறங்கிப் பார்க்கிறவர்களுக்கு அந்த நெருக்கம் இன்றும் கண்ணில் படும். துரைமார் போய்விட்டார்கள்; சுமப்பவர்களும் இல்லை. ஆனால் முகட்டில் வீடு கட்டும் ஆசை மட்டும் ஹோட்டல்காரர்களிடம் தங்கிவிட்டது. அதில் தங்கும் ஆசை நம்மிடம் தங்கிவிட்டது.

பிரயாணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரவு ரயிலில் ஏறி விடியற்காலையில் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கினோம். பெயரைக் கேட்டு ஊர் வந்துவிட்டதென்று மகிழ்ந்து போகக் கூடாது. இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கிறது. ஹைகோர்ட்டு உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து, வெளியூர் மோட்டார் வண்டிகளுக்கு இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கவேண்டியிருந்தது. டாக்ஸிக்காரர் அதைத் தயாராக வைத்திருந்தார். மலை தாங்குகிற அளவுக்குத்தான் வண்டி ஏற வேண்டும் என்பது நியாயமான ஏற்பாடு என்றே நமக்குப் பட்டது. வெள்ளி அருவியில் வண்டியை நிறுத்தியபோது அத்தை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பழனி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மற்றவர்கள் அருவியைப் பார்த்தோம்.

மலைச் சரிவு ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். அழகான கட்டடம். வழியெல்லாம் பூச்செடிகள். ஆனால் டெலிபோனில் நாம் கேட்கத் தவறிய ஒரு கேள்வி இருந்தது. சாலை மேலே, அறை கீழே, நடுவில் 42 படிகள். படி ஏற முடியாதென்று பழனிக்குப் போகாத அத்தையை, படி இறக்கிக் கொண்டுபோய் அறையில் விட்டோம். இல்லத்தரசி படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினார் என்பதை அவர் உதடுகள் அசைந்ததிலிருந்து தெரிந்துகொண்டோம்.

ஜன்னலைத் திறந்தோம். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தின் முதல் கிளை தெரிந்தது. இரண்டாவது கிளை தெரியவில்லை. "மூடுபனி, சாயங்காலம் விலகும்" என்றான் பெட்டி தூக்கி வந்த பையன். சாயங்காலம் முதல் கிளையும் தெரியவில்லை.

இரவு படுக்கும்போது ஒரு தர்மசங்கடம் ஏற்பட்டது. வடக்கே தலை வைத்துப் படுக்கலாகாது என்பது சாஸ்திரம். தெற்கே தலை வைத்தாலோ, காலை நேரே பழனியாண்டவன் பக்கம் நீட்ட வேண்டும். அத்தை இரண்டுக்கும் ஒப்பவில்லை. கட்டிலைக் குறுக்கே திருப்பிப் போட்டு, கிழக்கே தலை வைத்து, ஜன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுத்தார்.

மறுநாளும் அப்படியே. சாப்பாட்டு அறை மேலே சாலை மட்டத்தில் இருந்தபடியால் அத்தைக்கு ஆகாரம் அறைக்கே வந்தது. வரும்போது ஆறிப்போய் வந்தது. வெந்நீர் காலை எட்டு மணியோடு நின்றுபோகும் என்பதை எட்டரை மணிக்குத் தெரிந்துகொண்டோம். கோயிலுக்குப் போகலாமென்றால் ஊரிலிருந்து டாக்ஸி வர வேண்டும். இந்தப் பனியில் போனாலும் தரிசனம் கோயிலுக்குள்ளே மட்டுந்தான் என்றார்கள். இத்தனைக்கும் ஜன்னல் அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாம்தான் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போய், நம் கட்சியின் தேர்தல் வாக்குறுதி நிறைவேறிவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று நள்ளிரவுக்குப் பிறகு அத்தைக்கு இழுப்புக் கண்டது. முதலில் லேசான சீழ்க்கை போல் கேட்டது. பிறகு எழுந்து உட்கார்ந்தார். உறிஞ்சும் மருந்துக் குழாயை இரண்டு தடவை இழுத்தும் தணியவில்லை. அந்த உயரத்தில், கடல் மட்டத்தில் இருப்பதைப்போல் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமான காற்றழுத்தமே இருக்கிறது. நல்ல நெஞ்சுக்கே படி ஏறினால் மூச்சு வாங்கும். அத்தையின் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே எழும்பி விழுவதைப் பார்த்தபோது நமக்குக் கை கால் ஓடவில்லை. ஹோட்டலில் வண்டி இல்லை. அழைத்த இரண்டு டாக்ஸிகளில் ஒன்று எடுக்கவில்லை. மற்றொன்று பனியில் வர மறுத்தது. கடைசியில் இரவுக் காவலாளி தனக்குத் தெரிந்த ஜீப்காரர் ஒருவரை எழுப்பி வரவழைத்தார். ஜீப் வந்து சேர 50 நிமிஷம் ஆயிற்று. காவலாளியும் நாமுமாக அத்தையை ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, 42 படிகளையும் தூக்கிக்கொண்டு ஏறினோம். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது, அந்தக் காலத்தில் நாற்காலி சுமந்து மலையேறியவர்களின் தோள் எப்படி இருந்திருக்கும் என்பது ஒரு கணத்தில் தெரிந்தது. ஆயினும் அதைப் பற்றிச் சிந்திக்க அது சமயமல்ல. அத்தையின் கை நம் கழுத்தைச் சுற்றிச் சில்லென்று இருந்தது.

மூன்றரை கிலோமீட்டர் தூரத்தை ஜீப் ஊர்ந்து கடந்தது. விளக்கு வெளிச்சம் பனிச் சுவரில் மோதித் திரும்பியது. ஆஸ்பத்திரியில் ஒரு சிறு வயது டாக்டரம்மாள் உடனே மருந்தைப் புகையாக்கிச் செலுத்தும் யந்திரத்தை அத்தையின் முகத்தில் வைத்தார். கால் மணியில் தோள்கள் அடங்கின. அத்தை கண்ணைத் திறந்து, முகமூடியை விலக்கி, "விடிந்துவிட்டதா? பனி விலகிற்றா?" என்று கேட்டார். டாக்டரம்மாள் நம்மைப் பார்த்தார். நாம் தரையைப் பார்த்தோம்.

"பத்து நிமிஷத்தில் இங்கே வந்து சேருகிற இடத்தில் இரண்டு நாள் இருங்கள். பிறகு ஊருக்குப் போகலாம்" என்றார் டாக்டரம்மாள். ஜன்னல் கட்சி அந்த இரவே கலைக்கப்பட்டது. இல்லத்தரசி, "நான் அப்போதே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொன்னாரில்லை. சொல்லியிருந்தால் நமக்குச் சிறிது நிம்மதியாக இருந்திருக்கும்.

பஸ் நிலையத்து ஹோட்டலில் அறை கிடைத்தது. ஒரு படி கூடக் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் நாலு முழத்தில் ஒரு சுவர். அதன்மேல் ஒரு குழாய். அதற்கு மேலே பக்கத்து வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் பஸ்ஸின் ஹாரன் எழுப்பும். ஆனால் கேட்டபோது வெந்நீர் வந்தது. இட்லி ஆவி பறக்க வந்தது. எதிரே மருந்துக் கடை. மாலையில் வெயில் சற்றுத் தலைகாட்டியதும் நாம் மட்டும் கோக்கர் பாதை வரையில் நடந்து, அங்கே நாலு பேரோடு சேர்ந்து பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

இந்த மலையில் வானம் எப்போதுமே இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. சூரியனை ஆராய்வதற்கென்றே 1899-இல் இங்கே ஒரு வானிலையம் அமைத்தார்கள். சூரியனிலுள்ள கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் என்னும் விஞ்ஞானி கண்டறிந்தது இங்கிருந்துதான். தை, மாசி மாதங்களில் வருகிறவர்களுக்குக் காலை நேரத்தில் ஜன்னல் கட்சியின் வாக்குறுதிகள் நிறைவேறக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அதற்கு முன் வரும் பனியிலும் காட்சிக்கென்று அதிக வாடகை கொடுப்பது, மூடின திரைக்கு டிக்கெட் வாங்குவதற்கு ஒப்பாகும். எந்த மாதமானாலும் ஹோட்டல்காரரிடம் ஜன்னலைப் பற்றி விசாரிப்பதற்கு முன், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் படிகள் எத்தனை என்று கேட்டுக்கொள்ளட்டும். இரவில் வண்டி எங்கிருந்து வரும் என்றும் கேட்கட்டும். இந்தக் கேள்விகளின் விலை நமக்குத் தெரியும்.

கடைசி நாள் காலை ஆறு மணி. அறை ஜன்னலில் சுவரும் தொட்டியும் தெரிந்தன; வானத்தின் செய்தி ஒன்றும் தெரியவில்லை. காபி வாங்கக் கடைத்தெருவில் இறங்கினோம். டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "ஐயா, நேற்று அந்தப் பெரியம்மாவுக்குப் பழனி பார்க்கணும் என்றீர்களே! வடக்கே நன்றாக வெளுத்திருக்கிறது. ஏழரை மணிக்கு மேலே நிற்காது. உடனே அழைத்துப் போங்கள்" என்றார். நாம் வண்டிக்காக நாலு புறமும் பார்ப்பதற்குள், அவரே பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டாக்ஸிக்காரரை எழுப்பிவிட்டார். அந்த மனிதர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். கால் மணி நேரத்துக்குள் அத்தை குறிஞ்சி ஆண்டவர் சந்நிதியில் நின்றார்.

சிறிய கோயில். ஐரோப்பிய வம்சத்தில் பிறந்து, சைவ சமயத்தைத் தழுவி, இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதி என்று பெயர் பெற்ற அம்மையார் 1936-இல் கட்டுவித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் பெயரையே இங்குள்ள முருகன் தாங்கியிருக்கிறான். கடைசியாகப் பூத்தது 2018-இல். "அடுத்தது 2030-இல்தானா?" என்று அத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கூட்டல் முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார்.

கோயிலுக்கு வெளியே வந்து வடக்கே பார்த்தோம். ஆஹா! மலை சட்டென்று கீழே இறங்கிப் போய், மிக ஆழத்தில் சமவெளி விரிந்து கிடந்தது. குளங்கள் கண்ணாடித் துண்டுகள் போல் மின்னின. அவற்றுக்கு நடுவே, கவிழ்த்து வைத்த கொழுக்கட்டை அளவில் ஒரு குன்று. அதன் உச்சியில் ஏதோ வெண்மையாக ஒரு பொட்டு.

"அதுதான், அத்தை."

அத்தை கைகூப்பவில்லை. முகத்தில் ஒரு கலக்கம். "தம்பி, அவன் கீழேயல்லவா இருக்கிறான்! நான் மேலே நின்றுகொண்டு கும்பிடுவதா?" என்றார். இதற்கு நம்மிடம் பதில் இல்லை. சிறிது யோசித்தவர், இல்லத்தரசியின் தோளைப் பற்றிக்கொண்டு, அந்த முழங்கால்களை மெல்ல மெல்ல மடக்கி, ஈரத் தரையிலே உட்கார்ந்து, தலை தரையில் படக் கும்பிட்டார். எழுப்புவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. எழுந்து பார்த்தபோது கொழுக்கட்டையைப் பனி பாதி விழுங்கிவிட்டிருந்தது.

மலையை விட்டு இறங்கும் வழியில் இல்லத்தரசி வெற்றிப் பெருமிதத்தோடு, "அத்தை, அடுத்த தடவை வந்தால் எந்த ஹோட்டலில் தங்கலாம்? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

"முதல் ஹோட்டல்தான், அம்மா."

"அங்கே இரண்டு நாளும் ஒன்றுமே தெரியவில்லையே!"

"தெரியாவிட்டால் என்ன? இந்தப் பனிக்குப் பின்னால் அவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். விழிப்பு வந்தபோதெல்லாம் அதே நினைவு. மூச்சு முட்டியபோதும் அதே நினைவு. இந்த ஊருக்குள் அறையில் எல்லாம் சௌகரியந்தான். ஆனால் அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து என்ன நினைப்பது?"

இல்லத்தரசி பதில் சொல்லவில்லை. நாமும் பேசவில்லை, கலைந்துபோன கட்சிக்குப் பேச ஏது உரிமை? வத்தலக்குண்டில் காபிக்காக வண்டி நின்றபோது அவர் சற்றுத் தள்ளி நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அந்த மலைச் சரிவு ஹோட்டலில் படி இல்லாமல், சாலை மட்டத்தில் அறை உண்டா என்று விசாரித்தாராம். ஒரே ஒரு அறை இருக்கிறதாம். அதன் ஜன்னல் தெற்குப் பக்கம் பார்த்ததாம்.